கோபத்தில் இடித்ததை விபத்து என்று எழுத விடாதீர்கள்

சேந்தமங்கலம் பக்கமிருந்து கொல்லிமலைக்குப் போகும் வண்டிகள் காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டித்தான் காரவள்ளி அடிவாரத்தை எட்டுகின்றன. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வார நாட்களில் மலை மக்களின் பைக்குகளும் மிளகும் வாழையும் ஏற்றிய சரக்கு வண்டிகளும் பேருந்துகளும் நிதானமாக ஏறி இறங்கும் சாலை அது. சனி, ஞாயிறும் ஆடிப் பதினெட்டை ஒட்டிய வல்வில் ஓரி விழாவும் வந்துவிட்டால் விடாத ஹாரன், வளைவிலேயே முந்தப் பார்க்கும் கார், கண்ணாடியை இறக்கி வீசும் வசவு என்று ஆகிவிடுகிறது. குறுகலான மலைச்சாலையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. அதைச் சொன்னாலே சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்தச் சண்டையின் தொடர்ச்சியாக ஒருவர் துரத்தி வந்து வண்டியால் இடித்தால், அது விபத்து அல்ல, குற்றம். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் காவல் நிலையத்திலும் முதலில் விழும் சொல் பெரும்பாலும் ‘விபத்து’ என்பதுதான். அடிபட்டவர் உரிமையை இழக்கத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

பெங்களூரு புட்டேனஹள்ளியில் 2025 அக்டோபர் 25 இரவு நடந்ததைப் பாருங்கள். உணவு டெலிவரி வேலை பார்த்த 24 வயது இளைஞர் ஒருவரின் ஸ்கூட்டர், ஒரு காரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் உரசியது. கார் அவரைத் துரத்திப் போய் இடித்தது. அவர் இறந்தார், பின்னால் அமர்ந்திருந்த நண்பர் காயமடைந்தார். வழக்கு முதலில் போக்குவரத்துக் காவல் நிலையத்தில் விபத்தாகவே பதிவானது. சிசிடிவி பதிவுகளைப் பார்த்த பிறகுதான் அது வேண்டுமென்றே இடித்தது என்று காவல்துறை முடிவுக்கு வந்து, காரில் இருந்த தம்பதியைக் கொலைக் குற்றச்சாட்டில் கைது செய்தது. அதே ஆண்டு ஜூலை இறுதியில் சென்னை திருமங்கலம் பகுதியில் சொகுசு கார் இடித்துக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்த வழக்கும் விபத்தாகத் தொடங்கி, பிறகு கொலை வழக்காக மாறியது. அது முன்விரோதத்தில் எழுந்தது என்பது குற்றச்சாட்டு. இரண்டும் தலைநகரங்களில், கேமராக்கள் நிறைந்த தெருக்களில் நடந்தவை. கொண்டை ஊசி வளைவில் கேமராவுக்கு எங்கே போவது?

சட்டத்தின் கண்ணில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆவது பிரிவு, தாறுமாறாக ஓட்டியதற்கு 6 மாதம் வரைதான் சிறை சொல்கிறது. கவனக்குறைவால் கொடுங்காயம் ஏற்பட்டால் 125ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை. அதே கொடுங்காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தினால் 117ஆவது பிரிவு. 7 ஆண்டு வரை. கொல்லும் எண்ணத்தோடு வண்டியை ஏற்றினால் 109, அதாவது கொலை முயற்சி. காயம் பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். எந்தப் பிரிவு என்பதைத் தீர்மானிப்பது மோதலுக்கு முந்தைய சில நிமிடங்கள்: வாய்த் தகராறு, மிரட்டல், துரத்தல், இடித்துவிட்டு மறுபடி வந்தது. புகாரில் அவை இல்லாவிட்டால் வழக்கிலும் இருக்காது.

புகாருக்கும் முந்தியது ஒரு காகிதம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் அடிபட்டவரைச் சேர்த்ததும் பணி மருத்துவர் ‘எப்படி அடிபட்டது?’ என்று கேட்டு ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். பதற்றத்தில் கூட வந்தவர் ‘வண்டியில இருந்து விழுந்துட்டாருங்க’ என்று சொல்லிவிடுவது சகஜம். அந்த ஒரு வரி ஆண்டுக்கணக்கில் துரத்தும். தானாக விழுந்தவருக்கு எதிரி இல்லை, எதிர் வண்டி இல்லை, இழப்பீடும் இல்லை என்று காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர் நீதிமன்றத்தில் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். ஆகவே எந்த வண்டி, எந்தப் பக்கமிருந்து, என்ன தகராறுக்குப் பிறகு இடித்தது என்பதை மருத்துவரிடம் சுருக்கமாகச் சொல்லுங்கள். வண்டி எண் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். மறுநாள் நிதானம் வந்ததும் ஏ.ஆர். நகலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலையில் அடிபட்ட எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. வெளி மாநிலத்தவருக்கும் உண்டு. 1 லட்சம் ரூபாயாக இருந்த வரம்பு பின்னர் 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டம், 7 நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குப் பணமில்லாச் சிகிச்சை தருகிறது. தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தவரைச் சாட்சியாக நிற்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு. உதவ நினைத்துத் தயங்குகிற நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிய வேண்டும்.

காவல் நிலையத்தில் ‘இது எங்க லிமிட் இல்ல’ என்று அனுப்பிவிட முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் பதிய வேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். வழியிலுள்ள கடை, பெட்ரோல் பங்க், விடுதி ஆகியவற்றின் கேமராப் பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும். அவற்றைக் கைப்பற்றும்படி புகாரிலேயே எழுதிக் கேளுங்கள்.

இங்கேதான் பலருக்கு ஒரு பயம். ‘வேண்டுமென்றே இடித்தார் என்று சொன்னால் இன்சூரன்ஸ் கிடைக்காதாமே’ என்கிறார்கள். அந்தப் பயத்தாலேயே கொலை முயற்சி சாதாரண விபத்தாகக் குறுகிப்போகிறது. அப்படிக் குறுக்கிக்கொள்ளத் தேவையில்லை. காப்பீட்டு நிறுவனம் எந்தெந்தக் காரணம் சொல்லி மறுக்கலாம் என்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆவது பிரிவு வரிசைப்படுத்துகிறது. ஓட்டியவரின் கோபம் அந்த வரிசையில் இல்லை. நாகாலாந்தின் திமாப்பூரில் ஆட்டோவைத் திருட வந்தவர்கள் ஓட்டுநரைக் கொன்ற வழக்கில், 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தக் கொலையையும் வாகனப் பயன்பாட்டில் எழுந்த விபத்தாகக் கருதி இழப்பீடு வழங்கச் சொன்னது. குறிப்பிட்ட ஆளைக் கொல்வதே முதல் நோக்கமாக இருந்தால் அதை விபத்தாகக் கொள்ள முடியாது என்றும் அதே தீர்ப்பு பிரித்துக் காட்டியது. காப்பீட்டு நிறுவனங்கள் பிடித்துக்கொள்வது இந்தப் பிற்பகுதியைத்தான். ஆனால் பாதையில் முன்பின் தெரியாதவர் கண நேர ஆத்திரத்தில் இடித்ததை அதோடு ஒன்றாக்க முடியாது என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1984இலேயே, வேண்டுமென்றே காரை ஏற்றிய வழக்கிலும் அடிபட்டவருக்கு அங்குள்ள மோட்டார் காப்பீட்டாளர் அமைப்பு பணம் தர வேண்டும் என்று தீர்த்தது. எப்படியானாலும் ஓட்டியவரும் வண்டி உரிமையாளரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

குற்ற வழக்கும் இழப்பீட்டு வழக்கும் தனித்தனி. முன்னதில் எதிரி விடுதலையானாலும் பின்னது தானாகச் சாய்ந்துவிடாது. கொடுங்காயத்துக்கு யார் தவறு என்று நிரூபிக்காமலே 2.5 லட்சம் ரூபாய் பெற மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆவது பிரிவு வழி செய்கிறது. முழு இழப்பீட்டுக்கு 166ஆவது பிரிவு. இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் அரசின் திட்டத்தில் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை, குடியிருக்கும் ஊரிலும் போடலாம். மகாராஷ்டிரத்தில் அடிபட்ட நம் லாரி ஓட்டுநர் நாமக்கல் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். அவருக்கு 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒன்று மிக முக்கியம்: மருத்துவர் எழுதும் ஊன சதவீதம் வேறு, வருமானம் ஈட்டும் திறன் இழப்பு வேறு. இடது கை போன எழுத்தர் வேலையில் தொடரலாம். ஓட்டுநருக்கோ தச்சருக்கோ அது கிட்டத்தட்ட முழு இழப்பு. என்ன தொழில் செய்தீர்கள், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதற்குச் சான்று சேர்த்து வையுங்கள்.

மனுவுக்கு 6 மாதக் காலவரம்பு 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. காலம் கடந்தது என்று மட்டும் சொல்லி மனுக்களைத் தள்ள வேண்டாம் என உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டிருந்தாலும், அதை நம்பித் தாமதிக்காதீர்கள்.

வண்டி இடிக்காமல் இறங்கி வந்து கையால் அடித்தால்? 1988 டிசம்பரில் பாட்டியாலாவில் நவ்ஜோத் சிங் சித்து சம்பந்தப்பட்ட சாலைத் தகராறில் 65 வயது முதியவர் இறந்தார். உச்ச நீதிமன்றம் 2018இல் 1,000 ரூபாய் அபராதத்தோடு விட்டது, 2022இல் மறுஆய்வில் ஓராண்டுச் சிறையாக மாற்றியது. குடும்பம் விடாமல் நின்றதால் கிடைத்த தண்டனை அது. இத்தகைய தாக்குதலுக்கு அரசின் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் கேட்க வேண்டும்.

ஊர்ப் பெரியவர்களோ வண்டிக்காரரின் ஆட்களோ வந்து ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்று சில ஆயிரங்களை நீட்டும்போது வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் வக்காலத்துத் தாளோடு நிற்கும் இடைத்தரகரிடமும் போடாதீர்கள். பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் கடமைப்பட்டிருக்கிறது. கொல்லிமலையின் மலையாளி மக்கள் இதில் அடங்குகிறார்கள். மற்ற ஏழைகளுக்கும் வருமான அளவுப்படி கிடைக்கும். சட்ட உதவிக்கான கட்டணமில்லா எண் 15100. கையெழுத்துக் கேட்டு யார் வந்தாலும், முதலில் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்.