குளிர்ந்த எஞ்சினும் ஒரு சிறு போத்தலும்

பனி என்றால், மார்கழி விடியலிற் பனையோலை வேலியின்மேற் படிந்து, வெயில் ஏறியதும் சொல்லாமல் மறைந்துவிடும் ஈரம் என்பதே சுருவிலிற் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருந்த பொருள். வேலணைத்தீவின் கடலோரக் கிராமமாகிய எங்கள் ஊரில் வாடைக்காற்று வீசும் நாள்களில் வெப்பமானி 20 பாகையை நெருங்கினாலே முதியவர்கள் போர்வையைத் தேடுவார்கள். நான் முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் கற்பித்தவன். நீர் பூச்சியப் பாகையில் உறையும் என்பதைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஆயினும், அந்தப் பூச்சியத்துக்குக் கீழேயும் ஓர் உலகம் உண்டு என்பதையும், அங்கே எங்கள் பிள்ளைகள் இருள் பிரியுமுன் எழுந்து வேலைக்குப் போகிறார்கள் என்பதையும் 2019ஆம் ஆண்டு தை மாதத்திலேதான் கண்ணாரக் கண்டேன்.

என் தங்கையின் மகன் கனடாவின் மனிற்றோபா மாகாணத் தலைநகராகிய வினிப்பெக்கில் வாழ்கிறான். நம்மவர்கள் பெருந்தொகையாய் வாழும் ரொறன்ரோவைப் போன்றதன்று அந்நகரம். கடலுக்கு வெகு தூரத்தில், மரஞ்செடி மறைக்காத பெருஞ்சமவெளியில் அமைந்தது. வடதுருவக் காற்று தடையின்றி வந்து மோதும் இடம். தை மாதத்து நாட்சராசரியே பூச்சியத்துக்குக் கீழே சுமார் 16 பாகை. நான் போயிருந்த அந்த மாத இறுதியிலோ, குளிர் 35 பாகைக்கும் கீழே இறங்கிவிட்டது. மருமகன் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றிற் காலை முறைக்காரன். அவன் போய்ச் சேர்ந்தாலன்றி, இரவு முழுவதும் கண் விழித்த பெண் வீடு திரும்ப இயலாது. அதுவே அவ்விடத்து ஒழுங்கு.

அன்று காலை அவன் காரின் சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டது, பின் நின்றுவிட்டது. மீண்டும் திருப்பினான். மூன்றாம் முறை, நான்காம் முறை என்று திருப்பத் திருப்ப, மூச்சு மெலிந்து, ஈற்றில் ஒரு சிறு "டிக்" என்ற ஒலியே மிஞ்சிற்று. "மாமா, இனி இது எழும்பாது. பற்றறியும் போட்டுது" என்றான். கரையோரமாகிய வன்கூவரிலிருந்து வந்த பழைய கார் அது. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியிருந்தான். வினிப்பெக்கிற் பெரும்பாலான கார்களின் முகப்பிலே ஒரு மின்செருகி நாக்குப்போல வெளியே தொங்கும். இவன் காரில் அது இல்லை. இலேசான குளிரையே கண்ட ஊர்க் கார் அல்லவா!

வாடகைக் கார் பிடித்து அவன் போய்ச் சேர இரண்டு மணி நேரம் பிந்தியது. இரவுப் பணிப் பெண் அதுவரை நின்ற நிலையிலேயே காத்திருந்தாளாம். அவளுக்கு வீட்டிலே பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தார்கள். மேலதிகாரி எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தார். அன்று மாலை அவன் எச்சரிக்கையைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பற்றியே பேசினான்.

கடுங்குளிரில் ஓர் எஞ்சின் ஏன் எழும்ப மறுக்கிறது? காரணங்கள் மூன்று. முதலாவது, எண்ணெய். எஞ்சினின் உறுப்புகளுக்கிடையே வழுக்கி ஓட வேண்டிய எண்ணெய் குளிரிற் பாகுபோலத் தடித்து, ஒவ்வோர் உறுப்பையும் பற்றிக்கொள்கிறது. இரண்டாவது, பற்றறி. அதன் வலு இரசாயன மாற்றத்தாற் பிறப்பது. குளிர் அம்மாற்றத்தை மந்தப்படுத்தும். பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் அது தன் வலுவில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் வலு வேண்டிய வேளையிலேதான் பற்றறி குறைந்த வலுவுடன் நிற்கிறது. மூன்றாவது காரணம் பெற்றோல். பெற்றோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்தே எரியும். உறைந்த இரும்பினுள்ளே அது போதிய அளவு ஆவியாவதில்லை.

இந்த மூன்றாவது காரணத்தை நான் சொல்லிக்கொண்டிருக்கையில், மருமகன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அப்ப இது எங்கட மண்ணெண்ணெய்க் கதைதானே, மாமா?" என்றான். நான் வாயடைத்துப் போனேன்.

1990களின் தொடக்கத்தில், தீவகத்து மக்கள் ஊர் விட்டுக் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்திருந்த காலம் அது. பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் என்பது மருந்துபோல அரிதாயிற்று. ஆயினும் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மோட்டார்ச் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினிற் பற்றாது. ஆகவே ஒரு சிறு போத்தலிற் சில துளி பெற்றோல் வைத்திருப்போம். அதைக் காபுறேற்றருக்குள் விட்டு உதைத்தால் எஞ்சின் எழும்பும். சற்று ஓடிச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவோம். புகை கக்கிக்கொண்டு வண்டி போகும். என் மோட்டார்ச் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்து, அந்தப் போத்தலை இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்து வந்த ஒன்பது வயதுச் சிறுவன்தான் இன்று என் முன்னே நின்றவன்.

அவன் ஒப்புமை வெறும் உணர்ச்சிப் பேச்சன்று, கணக்குக்கும் பொருந்துவது. ஓர் எரிபொருள், தீப்பொறி பட்டதும் பற்றத்தக்க அளவுக்கு ஆவி விடும் வெப்பநிலையைத் தீப்பற்றுநிலை என்பர். மண்ணெண்ணெய்க்கு அது 38 பாகை அல்லது அதற்கு மேல். பெற்றோலுக்குப் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை. யாழ்ப்பாணத்து 30 பாகையில் மண்ணெண்ணெய் எவ்வாறு தன் எல்லைக்குக் கீழே மந்தமாய்க் கிடந்ததோ, அவ்வாறே வினிப்பெக்கின் தை மாதத்திற் பெற்றோல் தன் எல்லையை அண்டிக் கிடக்கிறது. அதாவது, அந்நாட்டுக் குளிரிலே பெற்றோலே மண்ணெண்ணெய் ஆகிவிடுகிறது! மாணவருக்கு மற்றொன்றும் சொல்லலாம்: பூச்சியத்துக்குக் கீழே 40 என்னும் அந்த ஓரிடத்திலேதான் செல்சியசு அளவும் பரனைற்று அளவும் ஒன்றாய்ச் சந்திக்கின்றன.

இந்த இடரை அங்குள்ளவர்கள் பல வழிகளால் எதிர்கொண்டிருக்கிறார்கள். பழைய நாள்களில், சமவெளிக் கமக்காரர் இரவிலே எஞ்சின் எண்ணெயை வடித்து, வீட்டுக்குள் அடுப்பருகே வைத்து, காலையிற் சூடாக மீண்டும் ஊற்றினர். தணல் நிறைந்த சட்டியை எஞ்சினின் கீழே வைத்தவர்களும் உண்டு. லடாக்கின் மலைப்பாதைகளில் லொறிச் சாரதிகள் வண்டியின் அடியிலே தீ மூட்டுவதும் இதே நோக்கத்தினாலேதான். ஆயின், நெருப்பும் எண்ணெயும் அருகருகே இருப்பது ஆபத்தன்றோ? வினிப்பெக்குக்குத் தெற்கே, எல்லைக்கு அப்பால், வட டக்கோட்டாவின் கிராண்ட் போர்க்ஸ் நகரில் வாழ்ந்த அன்றூ பிறீமன் என்பவர் நெருப்புக்குப் பதிலாக மின்சாரத்தை நாடினார். எஞ்சின் தலைப்பகுதியை இறுக்கும் ஆணிகளுள் ஒன்றைக் கழற்றி, மின்னாற் சூடேறும் ஆணியை அதனிடத்திற் பொருத்தும் அவருடைய அமைப்புக்கு 1949ஆம் ஆண்டு காப்புரிமை கிடைத்தது. இன்று வழங்கும் சூடாக்கிகளிற் பெரும்பாலானவை எஞ்சினின் குளிர்நீருக்குள்ளேயே அமர்ந்து, கேத்தலில் நீர் சூடாவதுபோல அதனைச் சூடாக்குகின்றன. சூடான நீர் மேலெழ, குளிர்ந்தது கீழிறங்க, அச்சுழற்சியால் எஞ்சின் முழுவதும் மெல்ல வெதுவெதுப்பாகிறது.

அந்த வார இறுதியில் மருமகனின் நண்பர் ஒருவருடைய சூடேற்றிய கராஜில் நாங்கள் அதைப் பொருத்தினோம். நான் விளக்குப் பிடித்தவன். வேலை செய்தவன் அவன். முதலில், எஞ்சின் நன்றாய் ஆறியிருந்த வேளையிற் குளிர்நீரைத் தட்டில் வடித்தோம். அதிற் கலந்துள்ள கிளைக்கோல் இனிக்கும், ஆனால் நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் அணுகாமல் மூடி வைத்தோம். எஞ்சினின் பக்கத்திலே நாணயம்போல வட்டமான உலோக மூடிகள் உண்டு. குளிரில் எஞ்சின் வெடிக்காமற் காக்கவே அவை உள்ளன என்று பலர் நம்புகின்றனர். உண்மையில், எஞ்சின் மணல் அச்சில் வார்க்கப்படுவது. உள்ளே இருக்கும் மணலை வெளியேற்ற விட்ட துவாரங்களுக்கே அவை மூடிகள். அவற்றுள், அந்த எஞ்சினுக்குரிய கைந்நூல் குறித்த மூடியின் ஓரத்தைத் தட்டிச் சரித்து, குறட்டினாற் பிடித்து இழுத்தான். துவாரத்தின் விளிம்பிலிருந்த கறலை அரத்தாளால் தேய்த்துத் துடைத்தான். சூடாக்கியின் இறப்பர் வளையத்துக்குக் கிறீஸ் பூசி உள்ளே செலுத்தினான். சூடேறும் கம்பி உட்சுவரைத் தொடலாகாது. தொட்டால் எரிந்து போகும். ஆணியை அளவாகவே இறுக்க வேண்டும்.

பின், குளிர்நீரும் கிளைக்கோலும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினோம். அக்கலவை பூச்சியத்துக்குக் கீழே 37 பாகை வரை உறையாது. எஞ்சினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, கசிவு இல்லையென்று உறுதி செய்தோம். நீர் நிரம்பாத எஞ்சினிற் சூடாக்கிக்கு மின் கொடுப்பது, வெறுங் கேத்தலை அடுப்பில் வைப்பதற்கு ஒப்பாகும். மின்கம்பியைப் புகைக்குழாய்க்கும் விசிறிக்கும் எட்டாத வழியிற் கொண்டு சென்று கட்டி, செருகியை முகப்பிலே வெளியே விட்டோம். மின்மானியை வைத்துப் பார்த்தபோது 36 ஓம் காட்டியது. 120 வோல்ற்று மின்னழுத்தத்துக்கு அது 400 உவாற்று. நான் பள்ளியிற் கற்பித்த வாய்பாடு, ஏழு கடல் கடந்து ஒரு கராஜிலே சரியாய் வந்து நின்றது கண்டு எனக்குண்டான மகிழ்ச்சியைச் சக ஆசிரியர்கள் அறிவார்கள்.

பயன்படுத்தும் முறை எளிது. குளிர் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையைத் தாண்டும் இரவுகளிலே அது வேண்டும். இரவு முழுவதும் மின் ஓட வேண்டியதில்லை. புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னர் தொடங்கினாற் போதும். நேரங்காட்டும் ஆளி ஒன்று அதைத் தானே செய்யும். மூன்று மணிக்கு 1.2 அலகு மின்சாரம்; பத்து மணிக்கு 4 அலகு. வெளிப்புறத்துக்கென்று செய்த, புவித்தொடுப்புடைய தடித்த மின்வடத்தையே இணைக்க வேண்டும். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்குவது உயிருக்கே உலை. மணமற்ற காபனோரொட்சைட்டு உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். செருகியைக் கழற்றாமற் காரை ஓட்டிச் சென்று வடத்தை அறுத்தவர்கள் அந்நகரில் ஏராளம்.

மறுநாள் விடியுமுன் நானும் எழுந்து முற்றத்துக்குப் போனேன். குளிரில் மூக்குத் துளை ஒட்டிக்கொண்டது. காரின் அருகே குனிந்து காது கொடுத்தேன். நீர் கொதிக்கத் தொடங்கும் கேத்தலின் மெல்லிய முனகல் உள்ளேயிருந்து கேட்டது. மருமகன் செருகியைக் கழற்றி, வடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, சாவியைத் திருப்பினான். ஒரே முறைதான், எஞ்சின் எழுந்துவிட்டது.

"அந்தப் போத்தலைக் கீழ விழுத்திப்போடுவனோ எண்டு எனக்கு அப்ப எவ்வளவு பயம் தெரியுமோ, மாமா?" என்றான் அவன், கண்ணாடியிற் படிந்த உறைபனியைச் சுரண்டிக்கொண்டே.

"நீ ஒருநாளும் விழுத்தேல்லையே" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே புறப்பட்டான். அன்று அந்த இரவுப் பணிப் பெண் உரிய நேரத்தில் வீடு திரும்பினாள் என்று மாலையில் வந்து சொன்னான்.