விரிசலை நிறுத்த ஏன் துளை போடுகிறார்கள்?

பழைய மோட்டார் சைக்கிளின் மீட்டர் கூட்டில் விரிசல் விழுந்தால், ஒட்டுவதற்கு முன்பு அதன் நுனியில் சிறு துளையிடுவது நல்ல பழக்கம். ஏற்கெனவே உடைந்த பொருளை இன்னோர் ஓட்டை எப்படிக் காப்பாற்றும்?

எவ்வளவு இழுத்தாலும் கிழியாத துணி, ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டுப் போட்டதும் சரசரவெனக் கிழிவதைத் துணிக்கடையில் பார்த்திருப்பீர்கள்.

இழுவிசை முழுவதும் வெட்டின் கூர்நுனியில் குவிவதே அதற்குக் காரணம். எஞ்சினின் ஒவ்வோர் அதிர்வும் விரிசலின் நுனியை அவ்வாறே இழுத்து, அதை மயிரிழை மயிரிழையாக நீளச் செய்கிறது. கூர்நுனி இருந்த இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் அகல வட்டத் துளை வந்துவிட்டால், விசை அதன் வளைந்த விளிம்பெங்கும் பரவித் தணிகிறது. நுனி கூர்மையாக ஆக விசைக்குவிப்பு பெருகுவதைப் பொறியாளர் சார்லஸ் இங்கிலிஸ் 1913-இல் கணக்கிட்டுக் காட்டினார்.

கூடு ஏபிஎஸ் பிளாஸ்டிக்கால் ஆனதெனில், அதே பிளாஸ்டிக் துணுக்குகளை அசிட்டோனில் கரைத்த குழம்பை உட்புறம் பூசலாம்; இளகிய விளிம்புகளின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, அசிட்டோன் ஆவியானதும் இறுகிவிடுகின்றன. ஆனால் கண்ணாடி போன்ற மேல்மூடியில் இக்குழம்பு படவே கூடாது: பெரும்பாலும் அக்ரிலிக்காகவோ பாலிகார்பனேட்டாகவோ இருக்கும் அதனை அசிட்டோன் மங்கலாக்கி, நுண்விரிசல்களால் நிரப்பிவிடும்.