வெளிச்சத்தோடு வெளிச்சம் சேர்ந்தால் இருட்டு வருவது ஏன்?

கணினியில் உள்ள கருப்பு வெள்ளைப் படம் பொதுவாகப் பிக்சல் எனப்படும் நுண்கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டமும் 0 என்னும் முழுக்கருப்பு முதல் 255 என்னும் முழுவெள்ளை வரையிலான ஓர் எண் என்பதால், இரு படங்களைக் கலப்பது எண்களைக் கூட்டுவதாகிறது.

200-உம் 100-உம் சேர்ந்தால் 300 அல்லவா வர வேண்டும்? ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய 8 பிட் இடத்தில் 256 எண்களே அடங்கும் என்பதால், பழைய வண்டியின் கிலோமீட்டர் காட்டி 99999-ஐத் தாண்டியதும் 00000-க்குத் திரும்புவதைப் போலக் கணக்கு சுழியத்திலிருந்து மீண்டும் தொடங்கி 44-இல் நிற்கிறது. படத்தில் வெண்மேகம் இருக்கவேண்டிய இடத்தில் கருந்திட்டு படிகிறது.

பைத்தான் மொழியின் நம்பை நிரல்தொகுப்பு இவ்வாறு சுழல, ஓப்பன்சிவி என்னும் படச்செயலாக்க நிரல்தொகுப்பின் கூட்டல் கட்டளையோ 255-இலேயே நிறுத்திவிடுகிறது. அப்போதும் மேகத்தின் நுண்மடிப்புகள் வெண்மையில் கரைந்துவிடுவதால், எண்களைப் பெரிய வகைக்கு மாற்றிக் கூட்டி, பாதியாக்கி, 150 எனப் பெறுவதே மேலான வழி. நம்பையின் கழித்தலிலும் இதே சுழற்சி உண்டு: 100-இலிருந்து 200-ஐக் கழித்தால் 156 மிஞ்சும்.