சூடேறும் ஆயில், இறங்கும் அழுத்தம்

கோவில்பட்டி வழியே ஓடும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. சித்திரை வெயில். வேகமாக விரட்டப்படும் காரில் எஞ்சின் ஆயில் சூடேறி, நீர்த்துப்போகிறது. நீர்த்த ஆயில் பேரிங் இடைவெளிகளில் சட்டென வழிந்துவிடுவதால் அழுத்தம் இறங்கும். கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெல்லிய ஆயில் படலம் உடைந்தால், உலோகமும் உலோகமும் நேராக உரசும்.

இதற்குத்தான் ஆயில் கூலர். இது ஒரு சிறிய ரேடியேட்டர். உள்ளே ஆயில் ஓட, எதிர்க்காற்று சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆனால் கரிசல் புழுதியும் பூச்சிகளும் அதன் மெல்லிய தகடுகளுக்கிடையே அப்பிக்கொண்டால் காற்று புகாது. மென்மையாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினாலே போதும்.

கூலர் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. கோவை செட்டிப்பாளையத்தில், பந்தயக் கார் வடிவமைப்பாளர் எஸ். கரிவர்தன் பெயரில் 2003இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற களங்களில் வளைவில் கார் திரும்பும்போது, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பில், ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சும். அழுத்தம் சட்டென விழும். அதனால்தான் பந்தயக் கார்களின் சம்புக்குள் தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். அதேபோல, கூலர் இருந்தாலும் தேய்ந்த பேரிங்கையும் பழுதான பம்பையும் மாற்றத்தான் வேண்டும்.

ஓடும்போது ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறதா? உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால், வண்டியைக் கட்டி இழுத்தே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.