ஊரும் அளவுகோலும் – 9: நடந்துபோய் முடிகிற வேலை

வாழ நல்ல ஊர் எது என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் பெரியகுளம் வராது. வர வழியே இல்லை. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2021 மார்ச்சில் வெளியிட்ட பட்டியலில் 111 நகரங்கள் இருந்தன. பத்து லட்சம் பேருக்கு மேல் வாழ்பவற்றில் பெங்களூரு முதலிடம், சென்னை நான்காமிடம். பத்து லட்சத்துக்குக் கீழே சிம்லா முதலிடம். ‘கீழே’ என்றாலும் அந்த வரிசையில் நின்றவை பெரும்பாலும் ஸ்மார்ட் சிட்டிகளும் மாநிலத் தலைநகரங்களும்தான். 2011 கணக்கெடுப்பில் சுமார் 43 ஆயிரம் பேர் இருந்த ஒரு நகராட்சியை அங்கே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? லண்டனில் எகனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு போடும் பட்டியல் இன்னும் உயரத்தில் இருக்கிறது. 173 நகரங்கள்; 2022 முதல் 2024 வரை வியன்னா முதலிடம், 2025இல் கோபன்ஹேகன். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள், இந்த நகரத்துக்குப் போகிற ஊழியருக்குச் சம்பளத்தோடு எவ்வளவு ‘கஷ்டப்படி’ சேர்த்துக் கொடுக்கலாம் என்று கணக்குப் பார்க்க அந்தப் பட்டியல் பயன்படுகிறது. காரும் கம்பெனி வீடும் உள்ள ஒருவர் மூன்று வருடம் தங்கிவிட்டுத் திரும்ப ஏற்ற ஊர் எது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் பிறந்து, படித்து, பிழைத்து, மூப்படைந்து அங்கேயே சாகப் போகிறவர்களின் கேள்வி வேறு.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி இல்லாத ஆள்தான் அளவுகோல். டூவீலர் ஓட்டத் தெரியாத பாட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை, காட்டு வேலைக்குப் போகும் பெண், கால் மடங்காத தாத்தா. இவர்களுக்கு வருடத்தில் தவிர்க்க முடியாத வேலைகள் சில உண்டு: ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போடுவது, ரேஷன் வாங்குவது, சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் மனு, கோர்ட் வாய்தா, சந்தை, பிள்ளைக்குப் பிளஸ் டூ அட்மிஷன். இதில் எத்தனையை நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போய் முடித்துக்கொண்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்ப முடிகிறதோ, அந்த அளவுக்கு அது நல்ல ஊர். பூங்கா, வணிக வளாகம், மேம்பாலம் எல்லாம் அதற்கு அப்புறம். இதையே பாரிஸில் ‘பதினைந்து நிமிட நகரம்’ என்று பெயர் வைத்து, 2020 மேயர் தேர்தலில் வாக்குறுதியாகவும் கொடுத்தார்கள். தாலுகா ஆபீஸும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் நடக்கிற தூரத்தில் இருந்த நம் பழைய ஊர்களுக்கு அப்படியொரு பெயர் தேவைப்பட்டதே இல்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பெரியகுளத்தின் கதை சுவாரசியமானது. வராகநதி நடுவில் ஓட, வடகரை, தென்கரை என்று இரண்டு பாதியாகக் கிடக்கிற ஊர் இது. நூறு வருடமாக ஒவ்வொன்றாக இழந்துகொண்டே வந்திருக்கிறது. மோட்டார் சாலை வருவதற்கு முன்னால் கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் இதன் பக்கத்திலுள்ள கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்துதான் மலை ஏறினார்கள். காட் ரோடு போட்டதும் அந்தப் போக்குவரத்து வத்தலக்குண்டு பக்கம் போய்விட்டது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்குப் போட்ட ரயில் பாதை ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போனது. பெரியகுளம் இன்று வரை ரயில் பார்க்கவில்லை. 1997 ஜனவரி முதல் தேதி மதுரை மாவட்டத்தைப் பிரித்தபோது, சந்தையாலும் சாலைச் சந்திப்பாலும் வளர்ந்த தேனி மாவட்டத் தலைநகரானது. 2009 தேர்தலோடு பெரியகுளம் நாடாளுமன்றத் தொகுதி என்ற பெயரும் போய், தேனித் தொகுதி என்றானது. மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இதையெல்லாம் வஞ்சிக்கப்பட்ட ஊரின் கதையாகச் சொல்வார்கள். ஆனால் போகாமல் தங்கியவற்றையும் எண்ண வேண்டும். கோட்டாட்சியர் அலுவலகம், தாலுகா ஆபீஸ், சார்பு நீதிமன்றம் எல்லாம் இங்கேதான். எல்லாவற்றுக்கும் மேலாக, மாவட்டத் தலைநகர் தேனி என்றாலும் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை இன்னும் பெரியகுளத்தில்தான் இருக்கிறது. பழைய மதுரை மாவட்டத்தில் இது ஒரு கோட்டத்தின் தலைமையிடமாக இருந்ததால் சேர்ந்த சொத்து அது. 43 ஆயிரம் பேர் ஊருக்குக் கிடைத்த அதிகப்படி என்றுகூடச் சொல்லலாம். அந்த அதிகப்படிதான் இந்த ஊரை வாழத் தகுந்ததாக வைத்திருக்கிறது என்பது என் வாதம்.

ஆஸ்பத்திரியை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. என்பது காலை வேலை; மத்தியானத்தோடு கவுண்டர் மூடிவிடும். வடகரையில் இருக்கும் ஒரு சர்க்கரை நோயாளி ஏழு மணிக்குக் கிளம்பி, பாலத்தைக் கடந்து போய், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, வெளியே டீக்கடையில் இரண்டு இட்லி தின்று, மறுபடி ரத்தம் கொடுத்து, மாத்திரை வரிசையில் நின்று, வாங்கிய மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு பதினொன்றரைக்கு வீடு வந்துவிடலாம். போனது அரை நாள் கூலி. அதே பெண்ணை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால் கணக்கு மாறுகிறது. 2004இல் தொடங்கிய தேனி அரசு மருத்துவக் கல்லூரி தேனி ஊருக்குள் இல்லை. ஆண்டிபட்டி போகும் வழியில் க.விலக்கில் இருக்கிறது. க. என்றால் கண்டமனூர், பேச்சில் கானாவிலக்கு. பெரியகுளத்திலிருந்து தேனிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், இறங்கி வளாகத்துக்குள் நடை. கூட ஒருவர் வர வேண்டும், அவருக்கும் கூலி போச்சு. ‘ஸ்கேனுக்கு வியாழக்கிழமை வாங்க’ என்றால் இன்னொரு நாள். வைத்தியம் இலவசம்தான், வைத்தியத்துக்குப் போவது இலவசமில்லை.

விலக்கு என்ற சொல்லையே கவனியுங்கள். பெரிய சாலையிலிருந்து ஓர் ஊருக்குப் பாதை பிரிகிற இடம் அது. அங்கே ஊர் இருக்காது. ஒரு டீக்கடை, ஒரு நிழற்குடை இருக்கும். கடந்த முப்பது வருடமாகத் தமிழ்நாட்டில் எந்தப் பெரிய நிறுவனம் கட்டினாலும் விலக்கிலோ புறவழிச்சாலையிலோதான் கட்டுகிறோம். மாவட்ட நீதிமன்ற வளாகம் பெரியகுளத்திலும் இல்லை, தேனியிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே லட்சுமிபுரத்தில் இருக்கிறது. பென்னிகுக் பெயரைத் தாங்கிய தேனியின் புது பஸ் ஸ்டாண்டும் கடைவீதியை விட்டு விலகிப் போய்விட்டது. சென்னையில் 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபோது அதன் பக்கத்தில் ரயில் நிலையமே கிடையாது. பஸ்ஸில் வருகிறவர்களுக்காகக் கட்டியதற்கே பஸ்ஸில் வருகிறவர்களை யாரும் கேட்கவில்லை என்றால், ஆஸ்பத்திரிக்கு யாரைக் கேட்டிருப்பார்கள்!

ஊருக்குள் ஏது இடம் என்பார்கள். பொறியாளர்கள் சொல்வது பொய்யில்லை. எழுநூறு, ஆயிரம் படுக்கை கொண்ட ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் வேண்டிய நிலம் தென்கரைத் தெருக்களில் கிடைக்காது. கிடைத்தாலும் ஆம்புலன்ஸ் நுழையாது. பெரிய அறுவைச் சிகிச்சைக்கு அப்படியொரு இடம் தேவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் சண்டை பெரியது வெளியே போவதோடு இல்லை. பெரியது வந்ததும் சின்னதைக் கவனிக்காமல் விடுகிறோமே, அதோடு. நெரிசலைப் பொறுத்தவரை, திண்டுக்கல்லிலிருந்து குமுளிக்குப் போகும் லாரி பெரியகுளத்துக் கடைவீதிக்குள் வர வேண்டிய அவசியமில்லை. அதைப் புறவழிச்சாலையில் திருப்பிவிட்டது சரி. ஊரைக் கடந்து போகிறவர் வேறு, ஊருக்கு வருகிறவர் வேறு. முன்னவருக்குப் போட்ட சாலையின் ஓரத்துக்குப் பின்னவருக்கான அலுவலகத்தையும் கொண்டுபோய் வைப்பதுதான் கோளாறு. 1914–15இல் மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் பாட்ரிக் கெடிஸ், மதுரை, தஞ்சாவூர் போன்ற ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். பழைய தெருக்களை இடித்து நேராக அகலச் சாலை போடும் வழக்கத்தை அவர் எதிர்த்தார். பாழாகிக் கிடக்கும் ஒன்றிரண்டு கட்டடங்களை மட்டும் எடுத்துவிட்டு, கிடைத்த இடத்தைத் திடலாகவும் காற்று வழியாகவும் ஆக்கினால் செலவும் குறைவு, குடியிருப்பவரும் கலைய வேண்டாம் என்பது அவர் கட்சி. நூறு வருடம் கழித்தும் நம் திட்ட அறிக்கைகளுக்கு அது ஏறவில்லை.

இன்னொரு கேள்வி: 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, பிறகு தூரம் ஒரு பிரச்சினையா? நல்ல திட்டம், கூலி வேலைக்குப் போகும் பெண்களின் கையில் மாதா மாதம் காசு மிச்சமாகிறது. ஆனால் அது மிச்சப்படுத்துவது கட்டணத்தை. பஸ்ஸுக்காக நிற்கிற நேரத்தை அல்ல. தூரம் வைத்தியத்தையே தடுக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி உண்டு. அதே வருடம் ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். ஒரு கையால் கட்டடத்தை விலக்குக்குத் தள்ளிவிட்டு, மறு கையால் மாத்திரையை வாசலுக்குக் கொண்டுவருகிறோம்.

பலமான எதிர்வாதம் பிழைப்பு. பெரியகுளத்தைச் சுற்றி மாந்தோப்பு. கல்லாமையும் செந்தூரமும் காய்க்கிற மாதங்களில் வேலை உண்டு. பக்கத்தில் வடுகபட்டி பூண்டு வியாபாரம். தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. இதை வைத்துப் படித்த பிள்ளைகள் எல்லோரும் இங்கேயே வாழ்ந்துவிட முடியாது. திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிறார்கள். சம்பளம் இல்லாத ஊரில் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்து என்ன செய்ய என்று அவர்கள் கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை. பிழைப்பு கொடுக்கிற ஊர் வாழ்வைக் கொடுத்துவிடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை என்பது மட்டும் தெரியும். திருப்பூர் லட்சக்கணக்கானோருக்குச் சோறு போட்டது. நொய்யல் கெட்டுப்போய், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே ஊர் விழித்தது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். திருப்பூரில் சம்பாதிக்கிறவரின் அம்மா பெரியகுளத்தில் இருக்கிறார். அவரை யாரும் கூட்டிப்போகாமல் அவராகவே ஆஸ்பத்திரிக்கும் பாங்கிக்கும் போய் வர முடிகிற வரையில்தான் மகன் அங்கே நிம்மதியாக ஷிப்ட் பார்க்க முடியும்.

சாதியை விட்டுவிட்டுச் சின்ன ஊரைப் புகழ்வது நேர்மையாகாது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் போற்றுவோரைக் கடுமையாகச் சாடினார். அந்தச் சாட்டை சிறு நகரங்கள் மேலும் விழும். எந்தத் தெருவில் யாருக்கு வாடகைக்கு வீடு கிடைக்கும் என்பது எழுதாத சட்டமாக இருக்கும்போது, எல்லாம் நடக்கிற தூரம் என்பது எல்லோருக்கும் ஒரே தூரம் இல்லை. முகம் தெரியாத பெருநகரம் தருகிற விடுதலை உண்மையானது. அதைத் தேடிப் போகிறவர்களைத் தடுக்க எனக்கு வாய் வராது. என் அளவுகோல் இந்த இடத்தில் சாதியை ஒழிப்பதில்லை. ஒன்றை மட்டும் செய்கிறது: ஊர் நடுவே அரசு கட்டடம் இருந்தால், காலனியிலிருந்து வரும் பெண்ணும் கடைவீதிக்காரரும் ஒரே ஓ.பி. வரிசையில், ஒரே பெஞ்சில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதை விலக்குக்கு அனுப்பினால் கார் வைத்திருப்பவர் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவார்; வரிசையில் ஏழை மட்டும் மிஞ்சுவார். ஏழை மட்டும் நிற்கிற வரிசை என்ன கதியாகும் என்பதை ரேஷன் அரிசியின் தரத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

பெரியகுளத்துக்கு இதனால் மாலை போட்டுவிட வேண்டாம். கொடைக்கானல் மலை மேல் பேரிஜம் ஏரியிலிருந்தும், 126.28 அடி உயர சோத்துப்பாறை அணையிலிருந்தும் இந்த ஊருக்குக் குடிநீர் இறங்கி வருகிறது. காட்டுக்குள்ளிருந்து தெளிவாக வருகிற வராகநதியில் ஊரின் சாக்கடையைக் கலக்கவிடுவதை வெளியார் யாரும் செய்யவில்லை. ஆற்றங்கரையில் நடக்க முடியாத ஊருக்கு என் அளவுகோலிலும் மதிப்பெண் குறையும்.

பெரியகுளத்துக்காரர்கள் ஆஸ்பத்திரி விஷயத்தில் அசந்துவிடக் கூடாது. பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே என்ற பெயரில் டாக்டர் பணியிடம் ஒன்றிரண்டு காலியாகவே விடப்படும். பிறகு ஒரு பிரிவு மாறும். கடைசியில் கட்டடம் மட்டும் நிற்கும். அப்படித்தான் இந்த மாதிரி இடங்கள் மூடப்படுகின்றன, உத்தரவு போட்டு அல்ல. மற்ற ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் அடுத்து எந்த அலுவலகத்துக்கு இடம் பார்க்கிறார்கள் என்று வார்டு கவுன்சிலரிடம் விசாரியுங்கள். கட்டடம் எத்தனை கோடி என்று அவரே சொல்லிவிடுவார். அங்கிருந்து ஊருக்குத் திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நீங்கள் கேளுங்கள்.