முதியோரின் இரைப்பைப் புண்: அரைகுறைச் சிகிச்சை தீர்வாகாது

பெங்களூரின் வடமேற்கே உள்ள பீன்யா, ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாகும். 1970-களில் உருவான இப்பகுதியில் இளமையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் பலர் இன்று ஓய்வு பெற்ற முதியோர் ஆவர். நேரம் தவறிய உணவும் காரமும் கவலையுமே வயிற்றெரிச்சலுக்குக் காரணம் எனக் கருதி, மருந்துக் கடையில் 'கேஸ் மாத்திரை' வாங்கி உட்கொள்வது தொழிலாளர் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம்.

கிருமியே காரணம்

1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் மருத்துவர்கள், இரைப்பையில் வாழும் 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். இரைப்பை, முன்சிறுகுடல் புண்களுக்கு அது முக்கியக் காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. இதற்காக இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றிப் பல்லாண்டுகள் தங்கிவிடுகிறது. பலருக்கு அது எவ்விதத் தொல்லையும் தருவதில்லை. சிலருக்குப் புண்ணையும், மிகச் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோயையும் உண்டாக்குகிறது.

முதுமையில் தனிக் கவனம்

முதியோருக்குப் புண் இருந்தும் வலி தோன்றாமல் போகலாம். கறுத்த மலமோ இரத்தசோகையோ முதல் அறிகுறியாகலாம். மூட்டுவலி மாத்திரையும் ஆஸ்பிரினும் இரத்தக் கசிவு அபாயத்தை மிகுவிக்கின்றன. எடைக் குறைவு, விழுங்குவதில் இடர், இரத்த வாந்தி ஆகியவை காணப்பட்டால் எண்டோஸ்கோப்பி பரிசோதனையைத் தள்ளிப் போடலாகாது.

அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்துடன் இரண்டு எதிர் உயிரி மருந்துகளும், பல நேரங்களில் பிஸ்மத்தும் சேர்த்துப் பொதுவாக 14 நாட்கள் அளிக்கப்படுகின்றன. பிஸ்மத் உண்ணும்போது மலம் கறுப்பது இயல்பே. ஆயினும் தார் போன்று பிசுபிசுப்பாயின் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இவற்றுள் கிளாரித்ரோமைசின், கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளுடனும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினுடனும் சேரும்போது தீங்கு விளைவிக்கலாம். எனவே, வழக்கமாக உண்ணும் எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டுவதும், சிறுநீரகக் குறைபாடு இருப்பின் கூறுவதும் இன்றியமையாதன.

நான்கு நாளில் எரிச்சல் தணிந்ததும் மருந்தை நிறுத்துவதே பெருந்தவறு. எஞ்சிய கிருமிகள் மருந்தை எதிர்க்கும் திறன் பெறக்கூடும். மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளுக்கு இந்தியாவில் இத்தகைய எதிர்ப்புத்திறன் ஏற்கெனவே மிகுந்துள்ளது.

சிகிச்சை முடிந்து குறைந்தது நான்கு வாரங்களுக்குப் பின், மூச்சுப் பரிசோதனையாலோ மலப் பரிசோதனையாலோ கிருமி ஒழிந்ததா என அறிய வேண்டும். அதற்கு முன் இரண்டு வாரங்கள், மருத்துவர் ஆலோசனைப்படி அமில மாத்திரையை நிறுத்தி வைத்தல் அவசியம். இல்லையேல் முடிவு பிழையாகலாம்.

பீன்யாவில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இயங்குகிறது. தகுதியுள்ள ஓய்வு பெற்ற தொழிலாளர், சிறு ஆண்டுத் தொகை செலுத்தித் தமக்கும் வாழ்க்கைத் துணைக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடரலாம். உழைத்து ஓய்ந்தவர்கள் இவ்வுரிமையைப் பயன்படுத்தி, சிகிச்சையை முழுமையாக முடிப்பதே நோயினின்று விடுபடும் வழியாகும்.