வழக்கறிஞரை அமர்த்துமுன்



நோய் வந்தால் மருத்துவரிடம் செல்லவேண்டும் என்பதை நாம் அறிவோம். வழக்கு வந்தால் வக்கீலிடம் செல்லவேண்டும் என்பதையும் அறிவோம். ஆனால் மருத்துவரிடம் "இங்கே வலிக்கிறது" என்று கூசாமல் கூறுகிற நாம், வக்கீலிடம் சென்றதும் வாயடைத்து நின்றுவிடுகிறோம். கறுப்பு அங்கியும், அலமாரி நிறைந்த தடித்த புத்தகங்களும், குமாஸ்தாவின் அவசரமும் நம்மை மிரட்டிவிடுகின்றன. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பது விளங்குவதில்லை. ஒன்றும் கேளாமலே கையெழுத்திட்டுத் திரும்புகிறோம். கேட்டுத் தெளியவேண்டிய செய்திகள் சிலவற்றை உங்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். அவற்றை நான் சட்டக் கல்லூரியில் கற்கவில்லை. நான் செய்த ஒரு பிழை கற்பித்தது.

1994-ஆம் ஆண்டு. ஐப்பசி மாதத்து மாலைப் பொழுது. சிவகாசிக்கு அருகில் ஒரு சிற்றூரில் அப்போது ஆசிரியராக இருந்தேன். என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்த மாணவன் ஒருவனின் தந்தை, பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் நிகழ்ந்த விபத்தில் இறந்து பதினைந்து நாட்கள் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்தில் அதை ஆலை என்று சொல்வதில்லை. 'ஆபீஸ்' என்பதே வழக்கு. அச்சிறுவனும் அவன் தாயும் என் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். தாயின் கையில் ஒரு முத்திரைத்தாள் இருந்தது.

"ஆபீசிலிருந்து குடுத்தனுப்பியிருக்காங்க ஐயா. என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மையார்.

படித்துச் சொன்னேன். ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டதாகவும், இனி எவ்விதப் பாத்தியதையும் கோருவதில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. 'பாத்தியதை' என்றால் உரிமை என்று விளக்கமும் கூறினேன். "கையெழுத்துப் போடலாமா ஐயா?" என்று கேட்டார். "தாமாகத் தருகிறார்கள். வழக்கு என்று போனால் இதுவும் கிடைக்காமல் போகலாம், தாயி" என்றேன். அவர் கையெழுத்திட்டார். பையன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அச்சகம் ஒன்றுக்கு வேலைக்குச் சென்றான்.

மூன்றாண்டுகள் கழிந்தபின், எங்கள் குடும்பத்துப் பாகப்பிரிவினை தொடர்பாக ஸ்ரீவில்லிபுத்தூரில் வழக்கறிஞர் ஒருவரைக் காணச் சென்றேன். மாவட்ட ஆட்சியரகம் விருதுநகரில் இருப்பினும், எங்கள் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் உள்ளது. பேச்சினிடையே இந்நிகழ்ச்சியைக் கூறினேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அன்றைய சட்டத்தை விளக்கினார். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, தொழிலாளி இறந்தால் அவருக்குரிய இழப்பீட்டுத் தொகையை முதலாளி ஆணையரிடம் செலுத்தவேண்டும். குடும்பத்தாரிடம் நேரே கொடுப்பது இழப்பீடு கொடுத்ததாக ஆகாது. ஆகவே, அந்தத் தாளில் கையெழுத்திட்ட பிறகும் அந்த அம்மையார் உரிமை கோரியிருக்கலாம். ஆனால் அதற்குச் சட்டம் வகுத்திருந்த காலம் இரண்டு ஆண்டுகள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையர் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வழக்கறிஞர் சொன்னார். நான் ஓடிப்போய் அச்செய்தியைக் கூறினேன். "இனிமேல் அலைய மனசில்லை ஐயா" என்று கூறிவிட்டார் அந்தத் தாய்.

அவரைத் தடுத்தது அந்தத் தாளன்று. அது தம்மைத் தடுக்கும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை அவருக்கு ஊட்டியவன் நான்.

ஆகையால் முதல் கேள்வி இது: வழக்கறிஞரை எப்போது நாடவேண்டும்? கையெழுத்திடுமுன் நாடவேண்டும்; காலம் கடக்குமுன் நாடவேண்டும். பத்திரமோ, உடன்படிக்கையோ, வந்து சேர்ந்த நோட்டீசோ எதுவாயினும், முதலில் கேட்கவேண்டியது, "இதற்குக் காலக்கெடு எவ்வளவு?" என்பது. சட்டங்கள் மாறுவதால் பழைய நினைவை நம்பிவிடக்கூடாது. நான் சொன்ன 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் சேர்ந்த தொழிலாளியாயின் வழியே வேறாகும். எனவே, "எங்களுக்குப் பொருந்தும் சட்டம் எது?" என்பதையும் உடன் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, நம் மக்களிடையே உள்ள ஓர் அச்சம். வக்கீல் வைத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடாதா என்று பலர் தயங்குகின்றனர். இதற்கு விடை எங்கள் ஊர் வரலாற்றிலேயே உண்டு. 1933-ஆம் ஆண்டு விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராசர் குற்றஞ்சாட்டப்பெற்றார். அவர் பொருட்டு வாதாட முன்வந்தவர்களுள் ஒருவர் மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப். குற்றச்சாட்டு நிலைக்கவில்லை, காமராசர் விடுதலை பெற்றார். வாதாட ஆளின்றி அந்த இளைஞர் சிறைக்குச் சென்றிருந்தால் நம் நாட்டின் கதை வேறாகியிருக்கும். இன்று கைது செய்யப்பட்ட ஒருவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்வது, அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு அளித்துள்ள அடிப்படை உரிமையாகும்.

மூன்றாவது, நல்ல வழக்கறிஞரைக் கண்டுகொள்வது எப்படி? 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி, மாநில வழக்கறிஞர் குழுமத்தில் பதிவு செய்துகொண்டவரே வழக்கறிஞர். அவருக்குப் பதிவு எண் உண்டு. அதைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. அவர் பெரும்பாலும் எவ்வகை வழக்குகளை நடத்துகிறார் என்றும் கேட்கலாம். நிலத் தகராற்றில் வல்லவர் தொழிலாளர் வழக்கிலும் வல்லவராக இருக்கவேண்டும் என்பதில்லை. கணக்கு ஆசிரியரிடம் யாப்பிலக்கணம் கேட்கிறோமா?

இங்கே ஓர் எச்சரிக்கை. வழக்கறிஞர் விளம்பரம் செய்வதும், தரகர் வைத்து வழக்குப் பிடிப்பதும் தொழில் விதிகளுக்கு மாறானவை. விபத்து நடந்த அன்றே மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வந்து நின்று, "எங்க வக்கீல் பார்த்துக்கொள்வார், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

நான்காவது, பீஸ் எவ்வளவு என்று எப்படிக் கேட்பது? நேராகவே கேட்கலாம். நீதிமன்றக் கட்டணம் வேறு, வழக்கறிஞரின் ஊதியம் வேறு, நகல் எடுப்பது முதலிய செலவுகள் வேறு. இம்மூன்றையும் தனித்தனியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்; கொடுத்த பணத்துக்கு ரசீது பெறுங்கள். கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைப்பதும், கேட்டால் அதன் நகலைத் தருவதும் வழக்கறிஞரின் கடமை என்று விதி கூறுகிறது. "முன்பணம் ஒன்றும் வேண்டாம், கிடைக்கும் தொகையில் கால் பங்கு கொடுத்தால் போதும்" என்று சிலர் சொல்வதுண்டு. ஏழைக்கு அது இனிப்பாகத்தான் தோன்றும். ஆயினும் வெற்றியைப் பொறுத்து ஊதியம் பேசுவதும், கிடைக்கும் பொருளில் பங்கு கேட்பதும் இந்திய வழக்கறிஞர் குழும விதிகளால் தடுக்கப்பட்டவை. வழக்கில் பங்காளியாகிவிட்டவரால் நடுநின்று ஆலோசனை சொல்ல இயலாது.

ஐந்தாவது, வக்காலத்து என்பது யாது? நம் பொருட்டு நீதிமன்றத்தில் தோன்ற வழக்கறிஞருக்கு நாம் எழுதித் தரும் அதிகாரப் பத்திரமே வக்காலத்து. சமரசம் பேசவும், பணம் பெறவும், வழக்கைத் திரும்பப் பெறவும்கூட அதில் அதிகாரம் எழுதியிருக்கலாம். ஆகவே அதைப் படித்தபின்பே கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். மூலப் பத்திரங்களைக் கொடுக்க நேர்ந்தால், கொடுத்தவற்றின் பட்டியலில் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஆறாவது, எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா? சொல்லத்தான் வேண்டும். தொழில் முறையில் நாம் வழக்கறிஞரிடம் கூறியதை, நம் இசைவின்றி அவர் வெளியிடலாகாது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு வழி கேட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பாதியை மறைத்துவிட்டு மருந்து கேட்கும் நோயாளிக்கு எந்த வைத்தியரால் உதவ முடியும்? விபத்தில் தொழிலாளியின் தவறும் ஓரளவு இருந்ததென்றால், அதையும் முதல் நாளே கூறிவிடவேண்டும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பினர் கூறி நம் வழக்கறிஞர் முதன்முதலாகக் கேட்கும்படி விடலாகாது.

ஏழாவது, "ஜெயித்துவிடுமா?" என்ற கேள்வி. "கட்டாயம் ஜெயிக்கும்" என்பவரைவிட, "இது நமக்குச் சாதகம், இது பாதகம், இவ்வளவு காலம் ஆகலாம்" என்பவரை நம்புங்கள். நாற்பது மாணவரும் தேறிவிடுவர் என்று எந்த ஆசிரியர் வாக்களிக்க முடியும்? ஒழுங்காகப் பாடம் நடத்துவதாக அவர் வாக்களிக்கலாம்.

எட்டாவது, மனம் ஒத்துப்போகாவிட்டால் வழக்கறிஞரை மாற்றலாமா? மாற்றலாம். பீஸ் பாக்கி இருக்கிறதென்று கேஸ் கட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பாக்கியை அவர் வேறு வழியில் கேட்டுப் பெறலாம். தொழில் ஒழுக்கம் தவறினால் மாநில வழக்கறிஞர் குழுமத்தில் முறையிடலாம். நுகர்வோர் மன்றத்துக்குச் செல்ல இயலாது. வழக்கறிஞரின் பணி நுகர்வோர் சட்டத்துக்குள் வாராது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

இறுதியாக, எங்கள் ஊர்ப்புறத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி: "இவ்வளவும் காசுள்ளவனுக்கு, எங்களுக்கு?" பணமில்லை என்பதால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்று அரசியலமைப்பின் 39-ஏ பிரிவு கூறுகிறது. அதன் வழியே பிறந்தது 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். 1995 நவம்பர் 9 முதல் அது நடைமுறையில் உள்ளது. பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர், ஆலைத் தொழிலாளர், தொழிற்சாலைப் பேரிடரில் துன்புற்றோர் ஆகியோருக்கு அச்சட்டப்படி இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ, வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ விண்ணப்பிக்கலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணில் வழி கேட்கலாம்.

ஏழைக்காக ஒரு வழக்கறிஞர் நின்றால் என்ன ஆகும் என்பதற்குச் சிவகாசியே சான்று. இங்குள்ள தொழிற்சாலைகளில் குழந்தைகள் வேலை செய்வதை எதிர்த்து எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு, சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்றும், அக்குழந்தைகளின் கல்விக்கு வகை செய்யவேண்டும் என்றும் பணித்தது. அவர் அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர் அல்லர். ஆயினும் அக்குழந்தைகளுக்காகக் கேட்டார்.

மாணவர்களே! உங்களில் பலர் உங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவர்கள். ஒருநாள் தாயோ, பாட்டியோ, அண்டை வீட்டாரோ ஒரு தாளைக் கொண்டுவந்து, "என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு" என்பார்கள். அன்று நான் செய்தது போலச் செய்யாதீர்கள். படித்துச் சொல்லுங்கள்; பொருளும் சொல்லுங்கள். பிறகு, "கையெழுத்தை நாளைக்குப் போடலாம், நாளைக் காலையில் நாம் இருவரும் போய் ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டு வருவோம்" என்று சொல்லுங்கள். சொல்வதோடு நில்லாமல் உடன் செல்லுங்கள்.